சாமி படத்துக்கு ஒரு சுவிட்ச்

அரியலூர் பஸ்ஸில் கீழப்பழுவூரில் ஏறியவர், கார் பேட்டரி ஒன்றைக் கயிறு கட்டித் தூக்கி வந்து காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டார். சார்ஜ் ஏற்றப் போகிறாராம். கூட வந்தவர் அந்தக் காரைப் பழுதுபார்க்கும் மெக்கானிக். அவர் சொன்ன ஒரு வார்த்தையில்தான் என் காது அந்தப் பக்கம் போனது.

“கோளாறு எங்கன்னு எனக்கு மொத நாளே தெரியும்ங்க. சொல்ல வாய் வரல.”

“என்ன பாய் இது? டைனமோ நல்லாருக்குன்னீங்க, ஒயரு நல்லாருக்குன்னீங்க. நேத்து பிரசவ வலியில துடிச்ச பொண்ண ஏத்திட்டு சாவியத் திருப்புறேன், வண்டி முனகக்கூட இல்ல. மாட்டு வண்டியில அனுப்புனோம். நல்ல வேளை, தாயும் புள்ளையும் பொழச்சாங்க.”

“அதக் கேட்டதுலேருந்துதான் மனசு கேக்கல. வண்டிக்குள்ள சாமி படத்துக்கு முன்னாடி ஒரு சின்ன பல்பு எரியுதுல்ல? அதுக்கு சுவிட்சே கெடையாது, நேரா பேட்டரியிலேருந்து போவுது. வண்டி ரெண்டு நாள் சும்மா நின்னா பழைய பேட்டரி தாங்காது.”

“அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?”

“சொல்லத்தான் வந்தேன். உங்க வூட்டுக்காரம்மா அந்த வெளக்கப் பாத்துக் கும்பிட்டுட்டு நின்னாங்க. நான் போயி அத எப்படிங்க அணைக்கச் சொல்றது?”

பஸ் குலுங்கியதில் சாய்ந்த பேட்டரியைக் கார்க்காரர் முழங்காலால் இறுக்கிக்கொண்டார்.

“கோயில்லயே ராத்திரி நடை சாத்துறாங்க பாய். ஒரு சுவிட்ச் வச்சுடுங்க. காலையில அவ போடட்டும். அணைக்க அவளுக்குக் கை வராது, நான் அணைச்சுக்கறேன். பாவம்னா எனக்கு இருக்கட்டும்.”

“சுவிட்ச் வைக்கிறது நான்தானே,” என்றார் மெக்கானிக். “பாதி எனக்கும் இருக்கட்டும்.”