கடைமடைக்காரர் போட்ட படகுக் கணக்கு

அவைக்குத் தலைமையேற்றிருக்கும் அண்ணன் சேக் அலாவுதீன் அவர்களே, திருமலைராயன்பட்டினத்துப் பெரியோர்களே, வரிச்சிக்குடியிலிருந்து வந்திருக்கும் வாஞ்சைமிகு தாய்மார்களே, மண்டபத்தூர் மீனவத் தோழர்களே, பணி ஓய்வு பெற்றுப் பிறந்த மண் திரும்பிய என் ஆருயிர் அம்பலவாணா, வணக்கம்!

அங்கே யாரப்பா அண்ணாந்து பார்ப்பது? மேகம்தான். அதுவும் பேச்சுக் கேட்க வந்திருக்கிறது, இருக்கட்டும்!

எழுபத்து நான்காம் ஆண்டு. டில்லியில் எனக்கும் அம்பலவாணனுக்கும் ஒரே அறை, ஒரே ஸ்டவ், ஒரே கம்பளி. ஆகா, குளிரும் இனித்த காலமல்லவா அது! கரையோரக் காவலுக்குப் போர்ப்படகு கட்ட என்ன செலவாகும் என்று மதிப்பிடுவது இவர் வேலை. இரும்புக்கு இவ்வளவு, கூலிக்கு இவ்வளவு. அதோடு நின்றாரா? நிற்கவில்லை! வெளிநாட்டு எஞ்சின் வரத் தாமதமானால்? விலை ஏறினால்? வரைபடம் பாதியில் மாறினால்? ஒவ்வோர் ஆபத்துக்கும் ஒரு தொகை சேர்த்தார். ஒதுக்கிய பணத்துக்கு நான்கு படகுதான் என்று முடித்தார்.

மேலதிகாரி சீறினார். அவரும் நம்மவர்தான், கல்லணைப் பக்கம். "குறிச்ச தேதியில எஞ்சின் தரேன்னு வெளிநாட்டுக் கம்பெனிக்காரன் எழுதியே குடுத்திருக்கான். அந்தத் தொகையை எடுத்துட்டு அஞ்சு படகுன்னு போடுங்க. இல்லேன்னா உங்க புரமோஷனை மறந்துடுங்க!"

இவர் என்ன சொன்னார் தெரியுமா? "ஐயா, தண்ணி தொறந்தா ஒங்க ஊருக்கு ஒடனே வந்துடும். நாங்க கடைமடைங்க. தொறக்கிற தேதி வேற, வர்ற தேதி வேற. மொத நாத்து காஞ்சா கைகொடுக்க ரெண்டாவது நாத்தங்கால் விடாம நாங்க நடவையே நெனக்கிறதில்லீங்க. அஞ்சும் பாதியில நிக்கிறதுக்கு நாலு முழுசா கடல்ல எறங்கட்டும்."

கையெழுத்திட மறுத்தார். பதவி உயர்வு பறிபோனது. அன்னபூரணி அண்ணி, உங்கள் கணவருக்கு நீங்கள் அழுதழுது எழுதிய கடிதத்தை நானறிவேன். ஆனால் மேலிடம் நான்கு படகுக்கே ஒப்புதல் தந்தது. எஞ்சின் தாமதமாகத்தான் வந்தது. விலையும் ஏறத்தான் ஏறியது. சேர்த்து வைத்த தொகை கைகொடுக்க, நான்கும் கடலில் இறங்கின.

மண்டபத்தூர்க் காத்தமுத்து, எழுந்திரப்பா! புயலில் பாய்மரம் ஒடிந்து தத்தளித்த உன்னைக் கரைசேர்த்தது எது?

"அந்த நாலுல ஒண்ணுதாங்க! நாலாவது படகுங்க!"

கேட்டீர்களா? இந்த ஒரு குரலுக்கு எந்தப் பதவி ஈடாகும்? என் கண் கலங்குகிறது, கலங்கட்டும்!

அடடா, மழையே வந்துவிட்டது! யாரும் எழ வேண்டாம் தாய்மார்களே, உட்காருங்கள்! கீற்றுப் பந்தல் போதும் என்றுதான் விழாக் குழு சொன்னது. மழை வந்தால் என்று மேலே தகரக் கூரைக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டவர் இதோ, இந்த அம்பலவாணன்தான்!

நனையாமல் கேட்ட உங்கள் அனைவருக்கும் என் நன்றி, வணக்கம்!