ஹோர்ன் கழற்றிய ஜீப்

இரவு பத்து மணி தாண்டியிருக்கும். அக்கரப்பத்தனைக்கு மேலே, தோட்டத்து மேல்பிரிவுத் தொழிலாளர் லயத்திலிருந்து இறங்கும் மண் ரோடு... விடாத மழை. ஈரத் தேயிலை வாசனை. ஆள் நடமாட்டம் கிடையாது. எங்கள் லயத்துக் கந்தப்பன் அந்த ரோட்டில்தான் ஜீப்பை இறக்கிக்கொண்டிருந்தார். பின்னால் பக்கத்துக் காம்பரா வீட்டுப் பூரணி, பிரசவ வலியில்.

முதலில் அந்த ஜீப் வந்த கதை. முந்திய மழைக்காலத்தில் கந்தப்பனின் அக்கா ராக்காயி இதே வலியோடு ஆட்கள் தூக்கிய கம்பளித் தூளியில் கிடந்து, ஆஸ்பத்திரிக்குப் பாதி வழியிலேயே போய்ச் சேர்ந்தாள். தோட்டத்து லொறி மேல்பிரிவுக்கு ஏறாது என்று சொல்லிவிட்டார்கள். ஏறுகிற வண்டி தேடி கந்தப்பன் ஹட்டனுக்குப் போனார்.

பழைய வண்டி விற்கும் மீராசாஹிபின் கொட்டிலில் இரண்டு பழைய ஜீப்புகள். ஒன்று புதுப் பெயின்ட்டில் மினுங்கியது. அடியில் படுத்துத் தட்டிப் பார்த்தார்... துரு உதிர்ந்தது. மற்றதில் சேறும் கீறலும். ஆனால் நாலு சக்கரமும் இழுத்தது.

"அது வேணாம் தம்பி. சவுக்குமர வளைவுல உருண்டு செத்த தோட்டத்துத் தொரையோடது. ராவுல ஹோர்ன் தானா அடிக்கும்" என்றார் மீராசாஹிப்.

"அடிக்கட்டும் நானா. மலை ஏறுமா?"

"ஏறும்."

"அப்ப ஹோர்னைக் கழட்டி நீங்களே வச்சுக்குங்க."

டயருக்குச் சங்கிலி, வடக்கயிறு, மண்வெட்டி, மேலே தார்ப்பாய். பின்சீட்டைக் கழற்றிவிட்டு, ஓர் ஆள் நீட்டிப் படுக்கப் பலகை அடித்தார். துரை ஓட்டிய முன்சீட்டை மட்டும் மாற்றவில்லை. அதில் அவரே உட்கார்ந்தார்.

அந்த இரவு, சவுக்குமர வளைவு. திடீரென்று சுருட்டு வாசனை. பிறகு... பாம்... பாம். ஜீப்பில்தான் ஹோர்னே இல்லையே.

துரை வண்டி ஹோர்ன் அடித்தால் நம் ஆட்கள் என்ன செய்ய வேண்டும்? ரோட்டை விட்டு ஓரத்துத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கி, தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்க வேண்டும். சின்ன வயதிலிருந்து அப்படிப் பழகிய உடம்பு. கந்தப்பனின் கால் தானாகப் பிரேக்கை மிதித்தது. கை தலைத்துண்டுக்குப் போனது.

வெளிச்சத்தில், நடுரோட்டில் துரை. அரைக்கால்சட்டை, தொப்பி. அவ்வளவு மழையிலும் ஒரு பொட்டு நனையவில்லை...

பின்னாலிருந்து பூரணி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "அண்ணே... எறங்கிறாதீங்க."

கந்தப்பன் துண்டை அவிழ்க்கவில்லை. இறுக்கிக் கட்டினார்.

"நான் எறங்க மாட்டேன் தொரை. நீங்க எறங்குங்க கானுக்குள்ள."

முதல் கியரைப் போட்டு நேராக விட்டார். சங்கிலி சேற்றைக் கடித்தது. எதிலும் மோதவில்லை. கடக்கும்போது ஓரக்கண்ணால் பார்த்தார். கானுக்குள், முழங்கால் தண்ணீரில் துரை நின்றார். தொப்பி கையில்.

ஆஸ்பத்திரியில் பூரணிக்குப் பெண் பிள்ளை. ராக்காயி என்றே பேர் வைத்தார்கள்.

அதற்குப் பிறகு மேல்பிரிவு ஆட்கள் எவ்வளவு இருட்டினாலும் அந்த வளைவில் நடுரோட்டில்தான் நடக்கிறோம். பக்கத்துக் கானுக்குள்... சளக்... சளக்... சப்பாத்து போட்ட கால் ஒன்று கூடவே வரும். நாம் நின்றால் அதுவும் நிற்கும். வளைவு முடிகிற இடத்தில் ஹோர்ன் ஒரு தடவை கேட்கும். மெல்ல... வழி கேட்கிற மாதிரி.

நாங்கள் விடுவதில்லை.