காலைக் காட்சி ஜப்பான் படம்

எங்கள் தியேட்டரில் பெண்கள் பக்கம் டிக்கெட் கிழிக்கிறவள் நான்தான் ஐயா. காலைக் காட்சிக்கு மட்டும் எனக்கு வேலையே இருக்காது. ராயபுரத்தில் எந்தப் பெண்பிள்ளை சோற்றுப்பானையை இறக்கி வைத்துவிட்டு ஜப்பான் படம் பார்க்க வருவாள்? அதனால் கதவோரம் ஸ்டூலைப் போட்டு நானே பார்த்தேன். இந்த எழுபத்தாறு அக்டோபரில் ஒரு வாரம் ஓடியது.

படத்தில் ஒருத்தியின் தங்கையைக் கொன்றுவிடுகிறார்கள். போலீஸ் கையை விரித்துவிடுகிறது. அவள் மாரடித்துக்கொள்ளவில்லை, யாரிடமும் போய் நிற்கவில்லை. தங்கையின் கல்லறைக்குப் பக்கத்தில் ஒளிந்து காத்திருந்தாள். ஒருவன் பூவோடு வந்து மண்டியிட்டான். அவள் அங்கி மடிப்பிலிருந்து கத்தியை எடுத்தாள். கொன்றவனால் அங்கே வராமல் இருக்க முடியாது, அவ்வளவுதான் கதை. கீழே ஓடிய இங்கிலீஷ் எழுத்து எனக்குப் படிக்க வராது. முகம் தெரிந்தால் போதாதா?

எனக்கும் ஒரு தங்கை இருந்தாள். பிலோமி. அம்மா போனபின் நான் தூக்கி வளர்த்த பிள்ளை. அவளுக்காகத்தான் எனக்குக் கல்யாணமே வேண்டாமென்று இருந்துவிட்டேன். ஜூன் மாதம் கொருக்குப்பேட்டைத் தண்டவாளத்தில் கிடந்தாள். கூட்ஸ் வண்டி வருவதைப் பார்க்காமல் தாண்டினாள் என்று டிரைவர் சொன்னார், ஸ்டேஷனில் நீங்களும் அப்படியே எழுதிக்கொண்டீர்கள். ரயில்காரர் வேறு என்ன சொல்வார்? அந்தப் பக்கம் அவளுக்கு ஒரு வேலையும் கிடையாது. யாரோதான் அவளை வரவழைத்திருக்க வேண்டும். என்னிடம் சொல்லாமல் என் பிலோமி எங்கும் போகமாட்டாள்.

கல்லறைத் திருநாள் வந்தது. அன்றைக்கு அவரவர் வீட்டுக் கல்லறையில் அவரவர்தான் மெழுகுவர்த்தி ஏற்றுவோம். நான் போனபோது பிலோமிக்கு ஏற்கெனவே ஒன்று எரிந்துகொண்டிருந்தது. அங்கே மண்டியிட்டிருந்தவன் அருள்நாதன், துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். வீடு கொருக்குப்பேட்டை. எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்துவிட்டது. சந்தோஷம்தான், மறைப்பானேன். மீன் நறுக்கும் கத்தி அந்தப் படம் மாறிய நாளிலிருந்தே என் பையில் இருந்தது.

கோயில் சாமியார் தீர்த்தம் தெளித்துக் கல்லறைகளை மந்திரித்துவிட்டுப் போனார், கூட்டமும் கலைந்தது. அவன் மட்டும் நகரவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"உன்னாண்ட ஒண்ணு சொல்லணும்க்கா. அப்பவே சொல்லிருக்கணும். பயந்துகினு இருந்துட்டேன்."

"இன்னாத்துக்கு பயம்?"

"அக்கா ஒத்துக்காதுன்னு பிலோமி சொல்லிச்சு. அன்னிக்கு என்னப் பாக்கத்தான் வந்துகினு இருந்துச்சு."

"போதும்ப்பா" என்றேன். அதற்குமேல் கேட்க என்ன இருக்கிறது? அவனே வாயைத் திறந்து ஒப்புக்கொண்டுவிட்டான். மறுபடி மண்டியிட்டு, மெழுகுவர்த்தி காற்றில் அணையாமல் கையால் மறைத்தான். பின்கழுத்தில் குத்தினேன். இரண்டாவது குத்துக்கு அவசியம் வரவில்லை. எத்தனையோ வருஷம் வஞ்சிரம் நறுக்கிய கை. பிறகு கத்தியைத் துடைத்தேன். அவன் ஏற்றியதை ஊதி அணைத்துவிட்டு என்னுடையதை ஏற்றினேன்.

நீங்களும் அந்தப் படத்தைப் பார்த்ததாகச் சொல்கிறீர்கள். எழுத்தையும் படித்தீர்களாம். பூவோடு வந்தவன் அந்தத் தங்கையைக் கட்டிக்கொள்ள இருந்தவனாம், இவள் ஆள் தெரியாமல் கொன்றுவிட்டாளாம், அதனால்தான் முடிவில் மழையில் உட்கார்ந்து அவ்வளவு நேரம் அழுகிறாளாம். இல்லை ஐயா, அது நிம்மதியில் வருகிற அழுகை. நீங்கள் ஒரு காட்சிதான் பார்த்தீர்கள். நான் அது ஓடிய எல்லாக் காட்சியும் பார்த்தவள்.