நீலாம்பாள் என்னும் கரை ஈ

இந்த ஸ்டேஷனில் டீ நன்றாகவே இருக்கிறது. பாளையங்கோட்டையில் இத்தனை வருஷம் குடியிருந்தும் இப்படி ஒரு கடை பக்கத்தில் இருப்பது எனக்குத் தெரியாமல் போயிற்று. உங்கள் தம்ளர் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறதே, இன்ஸ்பெக்டர் அம்மா, அதை வீட்டு ஈ என்று நினைத்து விரட்டாதீர்கள். அது கரை ஈ. பின்பக்கச் சாக்கடையிலிருந்து வந்திருக்கும். தண்ணீரும் மண்ணும் சேருகிற ஓரம் கொஞ்சம் கிடைத்தால் அதற்குப் போதும். மீன் பிழைக்காத உப்பளத்திலும் அது பிள்ளைகுட்டி பெற்று வாழும்.

ஹரிநாராயணனை ஏன் கொன்றேன் என்று கேட்டீர்கள். சொல்கிறேன். ஈயிலிருந்து தொடங்கினால்தான் அது விளங்கும். ரைட்டர் ஏட்டையா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பரவாயில்லை, வேண்டிய இடம் வரும்போது எடுத்துக்கொள்ளட்டும்.

நான் ஆவுடைநாயகம். விலங்கியல் வாத்தியார், ஓய்வு பெற்றுப் பதினாலு வருஷம் ஆகிறது. கல்லூரியில் என்னை ஈ வாத்தியார் என்றுதான் சொல்வார்கள். அந்தக் கேலியில் எனக்கு வருத்தம் கிடையாது. கரை ஈ இரண்டு மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். முகத்துக் குழி, முதுகுமயிர், இறக்கை நரம்பு எல்லாம் பார்த்த பிறகும் இரண்டு இனங்கள் ஒன்றுபோலத் தெரியும். ஆண் ஈயின் வால்நுனியை அறுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தால்தான் எது எதுவென்று தீரும். இந்த வேலைக்குப் பொறுமை வேண்டும். என்னிடம் இருந்தது. ஹரியிடமும் இருந்தது. கல்லிடைக்குறிச்சிக்காரன், என்னைவிடப் பத்து வயது இளையவன், அதே கல்லூரியில் அடுத்த அறை. இருபத்தெட்டு வருஷம் சேர்ந்து வலை வீசினோம்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. புது இனத்தைக் கண்டுபிடித்தவர் அதற்குப் பெயர் வைப்பார். உலகத்தில் எங்கே அச்சிட்டாலும் அந்தப் பெயருக்குப் பின்னால் வைத்தவர் பெயரும் வருஷமும் வரும். தன் பெயரைத் தானே ஒரு பூச்சிக்கு வைத்துக்கொள்வது அசிங்கம். பெண்டாட்டி பெயர், பிள்ளை பெயர் வைக்கலாம்.

1999இல் புன்னக்காயலில், ஆறு கடலில் சேருகிற சதுப்பில், சாம்பல் நிறத்தில் ஒரு கரை ஈயைப் பிடித்தேன். யாரும் எழுதாத இனம். அந்த மாதம்தான் என் ஒரே மகள் நீலாம்பாள் போனாள். இருபத்திரண்டு வயது. குறுக்குத்துறையில் இறங்கி அவளுக்காகத் தலைமுழுகினேன். ஈரவேட்டியோடு வீட்டுக்கு வந்து, அந்த ஈக்கு அவள் பெயரை எழுதினேன். கட்டுரையின் முதல் பக்கத்தில் 'என் மகள் நினைவாக' என்று போட்டேன். நீலாம்பாள், அதன் பின்னால் ஆவுடைநாயகம், அதன் பின்னால் 1999. அவளை எனக்கு மிச்சம் வைத்தது அந்த ஒரு வரிதான்.

போன வருஷம் கார்த்திகையில் ஹரி வீட்டுக்கு வந்தான். காப்பியைக் கையில் வைத்துக்கொண்டே குடிக்காமல் இருந்தான்.

"அண்ணாச்சி, கோவிச்சுக்கக் கூடாது. நம்ம நீலாம்பாளும், நூறு வருஷத்துக்கு முன்னால ஒரு வெள்ளைக்காரர் இலங்கையில பிடிச்ச ஈயும் ஒண்ணுதான். அந்த மியூசியத்துலேர்ந்து படம் வரவழைச்சுப் பார்த்துட்டேன்."

"நல்லாப் பார்த்தீராவே?"

"நாலு தடவை பார்த்தேன் அண்ணாச்சி. நம்ம பேர் முங்கிரும்."

ஒரே இனத்துக்கு இரண்டு பெயர் இருந்தால் முந்தின பெயர் நிற்கும், பிந்தினது போய்விடும். அதுதான் விதி. அந்த விதியை நானே முப்பது வருஷம் வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஹரி செய்ததில் தப்பு ஒன்றும் இல்லை என்பதை வாக்குமூலத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். அவன் நல்ல வேலைக்காரன்.

நேற்றுச் சாயந்திரம் ஓர் அம்மாளைக் கூட்டிவந்தீர்கள். முக்கூடல் பள்ளிக்கூடத்து டீச்சர் என்றீர்கள். தலை பாதி நரைத்திருந்தது. கூட அவள் வீட்டுக்காரர் உமர் பாரூக் நின்றார். "அப்பா, சாப்பிட்டியளா?" என்று அவள் கேட்டாள். நீங்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் சொன்னதில் பொய் இல்லை, அம்மா. செத்தவர்களுக்கு மட்டுமா தலைமுழுகுகிறோம்? அவள் உமர் பாரூக்கோடு ரிஜிஸ்தர் ஆபீசுக்குப் போன அன்று தலைமுழுகினேன். அன்றோடு என் மகள் இல்லை. அந்த டீச்சர் யாரோ. அவர்கள் கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டது ஹரிதான் என்று அவர்தான் உங்களிடம் சொல்லியிருப்பார். அது எனக்கு அப்போதே தெரியும். அதற்காக அவனிடம் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

தை மாதம் இரண்டாம் செவ்வாய்க்கிழமை இருவரும் புன்னக்காயலுக்குப் போனோம். நான்தான் கூப்பிட்டேன். காலை ஏழரை மணி, நீர் வற்றியிருந்தது. அலையாத்திக் காட்டுக்கு அப்பால் ஓடையோரம் ஈ கூட்டமாக இருந்தது. நாற்பது வருஷமாக அந்தச் சேற்றை எனக்குத் தெரியும். எது காலைத் தாங்கும், எது உள்ளே இழுக்கும் என்று நிறத்தைப் பார்த்தே சொல்லுவேன். ஹரி என்னைக் கேட்காமல் அங்கே காலை வைக்கமாட்டான். அன்றும் கேட்டான்.

"அந்தக் கருப்பா இருக்கிற இடம் உறுதி. பைய மிதிச்சுப் போம்வே," என்றேன்.

நாலாவது அடியில் இடுப்பு வரை போய்விட்டான். முதலில் சிரித்தான். இந்த வயசுல இது வேறயா என்றான். பிறகு, "அண்ணாச்சி, கால் வரமாட்டேங்கறது, கழியை நீட்டுங்கோ," என்றான். என் வலைக்கழி எட்டடி நீளம். எட்டியிருக்கும். ஆனால் அப்போதுதான் வலையை வீசி எடுத்திருந்தேன். உள்ளே ஈக்கள் இருந்தன. கழியை நீட்டினால் வலைவாய் திறந்து எல்லாம் பறந்துவிடும். நான் மேட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் குப்பிக்கு மாற்றத் தொடங்கினேன். எனக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்து அவன் குரலை உயர்த்தினான். ஒன்பது மணி வாக்கில் கடல்நீர் ஓடையில் ஏறத் தொடங்கியது. அது அவசரப்படாது. நான் கடைசி ஈயை எடுத்துக் குப்பியை மூடியபோது அங்கே சத்தம் இல்லை.

மீன்பிடிக்கப் போனவர்கள் மறுநாள் அவனை எடுத்தார்கள். கால் தவறி விழுந்தான் என்று நீங்களும் எழுதிவிட்டீர்கள். அன்று நான் வீட்டைவிட்டு வெளியே போகவில்லை என்று சொன்னதையும் நம்பினீர்கள். பிறகு என் பெட்டியைத் திறந்து, ஊசியில் குத்திய ஈக்களின் அடியில் இருந்த லேபிளைப் படித்தீர்கள். புன்னக்காயல், தேதி, சேகரித்தவர்கள் ஆவுடைநாயகம், ஹரிநாராயணன். எல்லாம் என் கையெழுத்து. படித்தவர் இப்படியா மாட்டிக்கொள்வார் என்று ஏட்டையா சிரித்தார். வேறு தேதி போட்டிருக்கலாம்தான். ஆனால் பொய் லேபிள் ஒட்டிய ஈ குப்பைக்குச் சமம், அம்மா. எனக்குக் கை வரவில்லை. போகும் வழியில் ஹரியும் நாலு ஈ பிடித்துக்கொடுத்திருந்தான், அவன் பெயரை விடுவது நியாயமில்லை.

தூக்கம் வருகிறதா என்று கேட்டீர்கள். வருகிறது. குளிக்கத்தான் முடியவில்லை. துக்கம் கேட்டு வந்து தலையில் தண்ணீர் ஊற்றியபோது, "கழியை நீட்டுங்கோ," என்று காதுக்குள் கேட்டது. பயந்துபோய்ச் செம்பைக் கீழே போட்டேன். மறுநாள் குழாயடியிலும் கேட்டது. வாய் கொப்பளிக்கும்போதும் கேட்கிறது. பன்னிரண்டு நாளாக ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துக்கொள்கிறேன். நாற்றம் அடித்தால் மன்னிக்க வேண்டும். இந்த ஈக்கள் என்னையே சுற்றுவதற்கும் அதுதான் காரணமாக இருக்கும், வேறு ஒன்றும் இருக்காது. நேற்று லாக்கப்பில் முழங்கையில் ஒன்று வந்து உட்கார்ந்தது. கையை உதறிவிட்டு எழுந்து மூலைக்குப் போய் நின்றுகொண்டேன்.

ஹரியின் பையில் இருந்த கட்டுரையை இப்போது எடுத்துக் காட்டுகிறீர்கள். அவன் தாமிரபரணிக் கரையில் வேறொரு புது ஈயைக் கண்டுபிடித்திருந்தான். வேறு பேரினத்தைச் சேர்ந்தது என்பதால் அதே பெயரை அதற்கு வைக்க விதி இடம் கொடுக்கிறது. அதற்கு நீலாம்பாள் என்று வைத்திருந்தான். "சார், உங்க மவ பேரு போகாமதான அவரு பார்த்திருக்காரு. இது தெரிஞ்சிருந்தா அவரைக் கொன்னுருக்க மாட்டியள்லா?" என்று கேட்கிறீர்கள். உங்கள் கண் கலங்கியிருக்கிறது. பேச்சித்தாய் என்று காவல்தெய்வத்தின் பேர் வைத்துக்கொண்டு போலீஸ்காரி இப்படிக் கலங்கக் கூடாது.

தெரியும், அம்மா. முந்தின நாளே என்னிடம் படிக்கக் கொடுத்தான். இரண்டு எழுத்துப்பிழையைத் திருத்திக்கொடுத்தேன். முக்கூடல் போய் அந்த டீச்சரிடமும் சொல்லிவிட்டதாகவும், அவர் அழுததாகவும் சொன்னான். அந்தப் பக்கத்தை நீங்களே பாருங்கள். நீலாம்பாள், அதன் பின்னால் ஹரிநாராயணன். என் மகள் பெயருக்குப் பின்னால் இன்னொருத்தன் பெயர். ஒரு முறை அவளே அப்படிச் செய்துகொண்டாள். இரண்டாம் முறையும் நான் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டுமா?

ஹரிக்குக் கடைசியில் புரிந்துவிட்டது. தண்ணீர் தாடைக்கு வந்தபோது கத்துவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். "அண்ணாச்சி, அவ பேருக்குப் பின்னால உங்க பேரையே போட்டுக்கோங்கோ. நான் எடுத்துடறேன்," என்றான். கையில் கழி இருந்தது. வலையில் இன்னும் ஏழெட்டு ஈதான் பாக்கி.

நீங்களே சொல்லுங்கள், அது முறையா? அந்த ஈயைக் கண்டுபிடித்தது அவன். அடுத்தவன் பொருளுக்கு ஆசைப்படுகிற ஆள் நான் இல்லை, அம்மா.