எட்டில் செவ்வாய்

யதுர்ஷிகா பிறந்தது காலை ஆறு மணி நாற்பத்தொரு நிமிடத்துக்கு. இதைச் சரியாகச் சொல்லக்கூடியவர்கள் இரண்டு பேர்தான். ஒருவர் அவளுடைய தாய். மற்றவன் நான்.

என் பெயர் கிருசாந்தன். முரசுமோட்டைச் சந்தியில் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கிறேன். படிவம் நிரப்புவேன், கடிதம் அடிப்பேன், கணினியில் சாதகக் குறிப்புக் கணித்துக் கொடுப்பேன். குறிப்புக்குத்தான் கூட்டம். யுத்தம் முடிந்து முகாமிலிருந்து திரும்பிய எவரிடமும் பழைய குறிப்பு இருக்கவில்லை. சட்டி பானையைத் தூக்கி ஓடியவர்கள் அந்தக் கொப்பியைத் தூக்கவில்லை. பிள்ளை பிறந்த நேரம் தாய்மாரின் நினைவில் மட்டும் இருந்தது. அவர்கள் சொல்வார்கள், நான் தட்டுவேன், பிள்ளையார் படம் போட்ட முதற்பக்கத்தோடு ஒரு பெண்ணின் விதி மூன்று நிமிடத்தில் வெளியே வரும். எங்கள் சாத்திரியார் அதை மறுபடி கணித்துப் பார்ப்பதில்லை. கொம்பியூட்டர் பொய் சொல்லாது என்பார். அது உண்மை.

யதுவும் நானும் முதலாம் வகுப்பிலிருந்து நண்பர்கள். அவள் ஆசிரியையானாள், நான் கடைக்காரனானேன். பள்ளிக்கூடம் விட்டதும் கடைக்கு வந்து, காற்றாடிக்குக் கீழே இருக்கும் கதிரையில் இருந்து போனில் காதல் நாவல் வாசிப்பாள். அதில் வகைகள் உண்டு. முதலாளியைக் காதலிப்பது, கட்டாயக் கலியாணம், பிரிந்து சேர்வது. அவளுக்குப் பிடித்தது நண்பன் காதலனாவது. அவளோடு கதைக்க வேண்டும் என்பதற்காக நானும் நாற்பதுக்கு மேல் வாசித்தேன். நண்பன் குடை பிடிப்பான். அவள் வேறொருவனுக்காக அழும்போது தோள் கொடுப்பான். முந்நூறாவது பக்கத்தில் மழை பெய்யும். அவளுக்கு அவனுடைய கண்கள் அப்போதுதான் தெரியவரும். அதுவரை அவனுக்குக் கண்கள் இருந்தனவா என்று யாரும் கேட்பதில்லை.

ஒருநாள் அப்படி ஒன்றை வாசித்து முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"மொக்குப் பெட்டை. பக்கத்திலயே ஒருத்தன் பத்து வருசமா நிக்கிறான். கண் தெரியாதே அவளுக்கு?"

நான் பிரிண்டருக்கு மை நிரப்பிக்கொண்டிருந்தேன்.

அந்த நாவல்களில் நான் கவனித்த குறை ஒன்று. நண்பனுக்கு முன்னால் வரும் மற்றவன் எப்படியும் கெட்டவனாக இருப்பான், அல்லது வெளிநாடு போய்விடுவான். அவனை எழுத்தாளர் அகற்றிவிடுவார். எனக்கு எழுத்தாளர் இல்லை.

நிரோஜன் ஜெயபுரத்துக்காரன். அவளுடைய பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தான். அவனைப் பிடித்திருக்கிறது என்று அவள் முதலில் என்னிடம்தான் சொன்னாள். நண்பனுக்கு அந்தச் சலுகை உண்டு. அவனிடம் குறை கண்டுபிடிக்க ஒரு மாதம் முயன்றேன். தேநீரைச் சத்தமாகக் குடிப்பான். அது போதவில்லை.

இரண்டு வீட்டுக்கும் சம்மதம். அவனுடைய தாய் குறிப்பை மட்டும் கேட்டிருந்தார். யதுவின் தாய் கமலாசனி மாமி கடைக்கு வந்து, நேரத்தைச் சொல்லிவிட்டு, நான் அடித்து முடிக்கும்வரை கைகட்டி நின்றார்.

ஆறு நாற்பத்தொன்றைப் போட்டுப் பார்த்தேன். செவ்வாய் ஒன்பதாம் இடத்தில் இருந்தது. குற்றமற்ற சாதகம். ஆனால் லக்கினம் மாற ஒன்பது நிமிடம்தான் இருந்தது. பன்னிரண்டு நிமிடத்தைக் கூட்டினால் செவ்வாய் எட்டாம் இடத்துக்கு வரும். பெண்ணுக்கு எட்டில் செவ்வாய் என்றால் புருசனுக்கு ஆயுள் இல்லை என்பது எங்கள் பக்கத்துக் கணக்கு. இந்த ஒன்பது நிமிடத்தை நான் ஏற்பாடு செய்யவில்லை. கடவுள் செய்திருக்கலாம்.

முதற்பக்கத்தில் ஆறு நாற்பத்தொன்று என்றே அடித்தேன். உள்ளே இருந்த கட்டங்கள் ஆறு ஐம்பத்துமூன்றுக்கு உரியவை. மாமி முதற்பக்கத்தை வாசித்துத் தலையாட்டினார். உள்ளே இருப்பதை இந்த ஊரில் சாத்திரியார் மட்டும்தான் வாசிப்பார்.

அவர் வாசித்தார்.

நிரோஜனிடம் குறை கிடைக்கவில்லை என்றேனே. சாதகத்தைக் கிழித்துப் போடு, பதிவுத் திருமணம் செய்வோம் என்று நின்றான். மறுத்தது யதுதான். இதற்கு நீங்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். யுத்தத்தின் கடைசி நாட்களில், மாத்தளனில் பங்கருக்குள் இருந்தபோது அவளுக்குப் பதினைந்து வயது. தண்ணீர் கேட்டாள். எடுக்கப்போன தகப்பன் திரும்பவில்லை. தான் கேட்டதை அவள் தாயிடம்கூடச் சொல்லவில்லை. என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள். கட்டங்களை அடிக்கும்போது இது என் நினைவில் இருக்கவில்லை. பிறகு வந்தது. உதவியாக இருந்தது.

கடையில் அதே கதிரையில் இருந்து கேட்டாள்.

"டேய், உண்மையைச் சொல்லு. உந்த மிசின் பிழைவிடுமோ?"

"இன்னொருக்கா அடிச்சுப் பாப்பம்" என்றேன்.

அடித்தேன். எட்டில் செவ்வாய். அவள் அதை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். பிறகு அழுதாள். தோள் என்னுடையது. நாவல்களில் சொல்லாத ஒரு விசயம், தோளில் ஒருவர் நெடுநேரம் அழுதால் கை விறைத்துவிடும். நான் அசையவில்லை.

நிரோஜன் ஒரு வருடம் காத்திருந்துவிட்டுக் கனடா போனான். எழுத்தாளர் செய்வதைத்தான் நானும் செய்திருந்தேன். அடுத்த மூன்று சம்பந்தங்களுக்கும் நான் ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை, குறிப்பே போதும். கமலாசனி மாமி செவ்வாய்க்கிழமைகளில் சாப்பிடுவதை நிறுத்தினார். யது சின்னப் பிள்ளைகளைத் தூக்குவதை நிறுத்தினாள். கலியாண வீடுகளில் பின்வரிசையில் இருந்தாள். நான் பக்கத்தில் இருந்தேன். ஆறு வருடம் ஒரு நாளும் நான் அவளைத் தொந்தரவு செய்ததில்லை. காதலை வற்புறுத்தக்கூடாது என்பதில் எனக்கு உறுதி உண்டு.

போன வருடம் என் குறிப்பைக் கணித்தேன். நான் பிறந்த நேரம் அம்மாவுக்குத் தெரியாது. மழை பெய்ததாம். அந்த மழைக்கு ஒரு நேரத்தைக் கொடுத்தேன். எனக்கும் எட்டில் செவ்வாய் வந்தது. செவ்வாயும் செவ்வாயும் சேர்ந்தால் தோசம் கழியும். சாத்திரியார் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, இப்படி ஒரு பொருத்தம் தன் அனுபவத்தில் இல்லை என்றார். என் அனுபவத்திலும் இல்லை.

யது ஒரு நாள் யோசித்தாள்.

"உன்னைக் கொல்லமாட்டன் எண்டால் சரி, கட்டுறன்" என்றாள்.

நாவல்களில் இந்த இடத்தில் கதாநாயகி வேறு விதமாகச் சொல்வாள். நான் குறைப்படவில்லை. ஆவணியில் கலியாணம் நடந்தது. அவள் என்னோடு மரியாதையாக இருந்தாள். அறைக்குள் வந்தால் கதவைத் திறந்தே வைப்பாள்.

மார்கழியில் எங்கள் வயலில் வெள்ளம் நின்றது. வெட்டிவிட இறங்கினேன். எலிக்காய்ச்சல் வந்தது. கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் பதினொரு நாள் கிடந்தேன். சிறுநீரகம் நின்றுவிடலாம் என்று டொக்டர் அவளிடம் சொல்லியிருக்கிறார். ஏழாம் நாள் கண் திறந்தபோது அவள் என் காலைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். முகத்தைப் பார்த்தேன். முந்நூறாவது பக்கம். பதினேழு வருடம் நான் காத்திருந்த முகம் அதுதான். சேலைன் போத்தல் கொழுவியிருந்தது, பக்கத்துக் கட்டில்காரர் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார், எனக்கு அது போதுமாக இருந்தது.

நான் வீட்டுக்கு வந்த கையோடு அவள் சாத்திரியாரிடம் போயிருக்கிறாள். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, தோசக் கழிவு முழுமையாக இல்லை, அவளுடைய செவ்வாய்க்குப் பலம் கூடுதல் என்றிருக்கிறார். பலம் என்று எதையும் நான் போடவில்லை. அது அவருடைய சொந்தச் சேர்க்கை. இப்படியானவர்களால்தான் சாத்திரத்தில் மக்களுக்கு நம்பிக்கை போகிறது.

நேற்று மத்தியானம் விறாந்தையில் அவளுடைய பை இருந்தது. வவுனியாப் பள்ளிக்கூடத்துக்கு இடமாற்றம் கேட்டு எடுத்திருக்கிறாள். அங்கே இருக்கும் தன் அக்கா சுதாஜினியோடு இருப்பாளாம். விண்ணப்பத்தை வேறு கடையில் அடிப்பித்திருந்தாள். முதலில் வலித்தது அதுதான்.

நான் கோபப்படவில்லை. ஏன் என்று கேட்டேன். முன்பு கட்டினது பயத்தில், உன்னில் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை என்று ஒளிக்காமல் சொன்னாள். ஆஸ்பத்திரியில்தான் தெரிந்ததாம், நான் இல்லாமல் தன்னால் ஏலாது என்று. அதனால் போகிறாளாம். தூரத்தில் இருந்தால் நான் உயிரோடு இருப்பேன் என்று கணித்திருந்தாள். நிரோஜனை விட்டதும் இதே காரணத்துக்குத்தான். அந்த வரிசையில் என்னையும் சேர்த்துவிட்டாள். பெருமையாக இருந்தது.

இதையெல்லாம் உங்களுக்குச் சொல்வது, நீங்கள் அவசரப்பட்டு என்னைக் குற்றவாளி என்று நினைக்கக்கூடாது என்பதற்காக. நான் ஒருவரையும் அடிக்கவில்லை. ஒருவரும் சாகவில்லை. பன்னிரண்டு நிமிடத்தைக் கூட்டினேன். அதில் அவள் எனக்குக் கிடைத்தாள். அவளுக்கும் கடைசியில் காதல் கிடைத்தது, கொஞ்சம் பிந்தி.

அவள் பையைத் தூக்கிக்கொண்டு படியில் இறங்கினாள். எலிக்காய்ச்சல் எலியால் வருவது என்று சொன்னேன். கேட்கவில்லை. கேற்றைத் திறந்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவளிடம் அதைச் சொன்னேன்.

"யது, போகாதை. அந்தக் குறிப்புப் பிழை."

அவள் சிரித்தாள். நான் ஆறுதலுக்குச் சொல்வதாக நினைத்திருப்பாள். பிறகு என் முகத்தைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. பையைக் கீழே வைத்தாள்.

"பிழையெண்டு உனக்கு எப்பிடித் தெரியும்?"