சனிக்கிழமைக்குள்ள அலறுற கிதார் ஒண்ணு வேணும்

"அலறாத கிதார வச்சுக்கிட்டு அந்தப் பாட்ட வாசிக்கவே முடியாது"ன்னு எனக்கு முதல்ல சொன்னது டெல்ஃபின். போன ஞாயித்துக்கிழமை. பத்து மணிப் பூசை முடிஞ்சு கோயில் ஹால்ல டீ குடிச்சிட்டு நிக்கிறோம். அவ எங்க கோயில்ல பீடத்துக்குப் பூ வைக்கிறவ. பூவப் பத்தியே அவளுக்கு ஒண்ணும் தெரியாது, பாத்துக்கோ, கிறிஸ்துமஸுக்கே பிளாஸ்டிக் பூ சொருகுறவ... ஆனா அவ மூத்த பையன் முப்பது வருஷத்துக்கு முன்னாடி இதே ரெடிங் ஊர்ல, இதே மாதிரி ஒரு கும்பல்ல வாசிச்சவனாம். "என்னது, அலறல நிறுத்திட்டியா? அட பெர்னி, அந்த அலறல்தானே பாட்டே!"ங்கிறா. என் கையில இருந்த பிஸ்கட் டீக்குள்ள விழுந்துருச்சு. முழுசா.

நீ வாசி தம்பி, நிறுத்தாத. கடைக்காரர் சான்ட்விச் வாங்கப் போயிட்டார். போகும்போது "அந்தத் தம்பியக் கேளுங்கம்மா, ஷூகேஸ் பாட்டுச் சமாச்சாரமெல்லாம் அவருக்குத்தான் தெரியும்"னு உன்னைக் கைகாட்டிட்டுப் போனார். நான் உள்ள வந்ததுலேருந்து நீ தலையே தூக்கல. உன் ஷூவயே பாத்துக்கிட்டு உக்காந்திருக்க. சரி, ஆள் இவன்தான்னு முடிவு பண்ணிட்டேன். என் மகளும் இப்படித்தான். மேடையில நிமிந்து பாத்தா யாராச்சும் கல்லால அடிச்சிருவாங்கன்னு பயமான்னு கேட்டேன். "இல்லம்மா, காலால பெடல அமுக்கணும், அதான் குனிஞ்சு பாக்குறோம்"ங்கிறா. அதுக்கு ஷூகேஸ்னு ஒரு பேரு, அதுக்குன்னு ஒரு சங்கீதம்! நான் குனிஞ்சு கோயில் தரையத் தேய்க்கிறேனே, அதுக்கு ஒரு பேரு வச்சீங்களா?

விஷயம் இதுதான். சனிக்கிழமை சாயங்காலம் என் மக ஊனா மேடை ஏறணும். இன்னைக்கு வியாழன். அவகிட்ட இருந்த ஒரே கிதாரக் கெடுத்து வச்சிட்டான் டைல்ஹர்ஸ்ட்ல ஒரு ரிப்பேர்க்காரன், லெனார்ட்னு பேரு. அவன் வெளங்குவானா... வேண்டாம், வெள்ளிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போகணும், இப்பவே பாவப் பட்டியல் நீளமா இருக்கு. அந்தக் கிதார் மாதிரியே இன்னொண்ணு நான் இன்னைக்கு இங்கேருந்து தூக்கிட்டுப் போயாகணும்.

செவத்துல பாரு, எத்தன தொங்குது! கசாப்புக் கடை மாதிரி. அந்தச் செவப்பு, ரெண்டு கொம்பு வச்சது... அதைத் தொட்டாலே தீர்த்தம் தெளிச்சுக்கணும் போல இருக்கு. அந்த மஞ்சக் குண்டு இருக்கே, அது எங்க பங்குச் சாமியார் மாதிரி. தூக்கினா இடுப்பு போயிரும், வாயத் தொறந்தா சீக்கிரம் முடிக்காது. கடைக்காரர் அதைத்தான் என் தலையில கட்டப் பாத்தார். "கனமான சத்தம்மா, நின்னு பேசும்"ங்கிறார். "சத்தத்த ஆட்டுற கைப்பிடி எங்கய்யா?"ன்னு கேட்டேன். "இதுக்குக் கைப்பிடி கிடையாதும்மா." கைப்பிடி இல்லாத கிதார வச்சு என் மக என்ன பண்ணுவா, ஈ ஓட்டுவாளா?

எனக்குத் தெரிஞ்சதச் சொல்றேன், தப்புன்னா திருத்து. கிதாரோட இடுப்பு ஒரு பக்கமா சரிஞ்சிருக்கணும், பஸ்ஸுக்கு நிக்கிற பொம்பள ஒரே கால்ல பாரத்தப் போட்டு நிப்பாளே, அந்த மாதிரி. கம்பிங்க ஏறி உக்கார்ற பாலம் இருக்கே, அது அழுத்தமா நிக்கக் கூடாது. விழப்போற பல்லு மாதிரி லேசா ஆடணும். அந்தப் பாலத்தத் தாண்டியும் கம்பி கொஞ்ச தூரம் ஓடணும். அந்த மிச்சக் கம்பியத் தட்டினா பூசை மணி மாதிரி கிணுகிணுங்கும். அப்புறம் பாலத்துக்குப் பக்கத்துல நீட்டிக்கிட்டிருக்கிற அந்த இரும்புக் கைப்பிடி. வாசிக்கும்போது அதை விடவே கூடாது, உள்ளங்கையில வச்சுக்கிட்டேதான் மேலயும் கீழயும் அடிக்கணும். அப்பத்தான் மொத்தச் சத்தமும், காத்தடிக்கிற நாள்ல அயர்லாந்துக் கப்பல் ஆடுற மாதிரி ஆடும். நான் ரெண்டு தடவ வாந்தி எடுத்திருக்கேன். கப்பல்ல. பாட்டுல இல்ல. பாட்டுல ஒரே ஒரு தடவ வர்ற மாதிரி இருந்துச்சு, அன்னைக்கு மீன் சரியில்ல.

சிரிக்காத. சரியாத்தான சொன்னேன்?

பாரு, தலையாட்டுற. கடைக்காரருக்கு இது தெரியல.

மூணு பெத்தேன் தம்பி. ஒருத்தன் பல் டாக்டர். ஒருத்தன் ஆஸ்திரேலியாவுல ஆட்டுக்கு ஊசி போடுறான். இவ கிளாஸ்கோவுல, ஆஸ்பத்திரில ரத்தம் சோதிக்கிற வேலை. நல்ல வேலைதான். ஆனா கூட வாசிக்கிறவங்க எல்லாம் இந்த ஊர்க்காரங்க, அதனால கிதார் எங்க வீட்லயே கெடக்கும். மாசத்துக்கு ஒரு தடவ ரயில்ல வந்து, ரெண்டு நாள் வீட்ட ஆட்டிட்டுப் போவா. முப்பத்திமூணு வயசு. அந்தப் பாட்டு எப்படி இருக்கும்னா... உனக்குத் தெரியும், இருந்தாலும் சொல்றேன்... வேக்குவம் கிளீனருக்குள்ள வானத்துச் சம்மனசு ஒண்ணு மாட்டிக்கிட்டா எப்படிக் கத்தும்? அதான். வார்த்த ஒண்ணும் வெளங்காது. "என்ன பாஷைடி இது?"ன்னு கேட்டேன். "இங்கிலீஷ்தாம்மா. லத்தீன் பூசைல மட்டும் உனக்கு எல்லாம் வெளங்குச்சா?"ங்கிறா. வாயப் பாத்தியா! அவங்க அப்பா வாய் அப்படியே.

என்ன சொல்லிட்டு இருந்தேன்... ஆங், லெனார்ட். அவன் என்ன பண்ணான் தெரியுமா? ஆடிக்கிட்டிருந்த பாலத்தக் கழட்டி எறிஞ்சிட்டு, ஆடாத பாலம் ஒண்ணு வச்சான். தொங்கிக்கிட்டிருந்த கைப்பிடிய முறுக்கி இறுக்கிட்டான். அது கூடப் பரவால்ல. கம்பிக்குக் கீழ சத்தத்தப் புடிக்கிற பிக்கப்புன்னு ஒண்ணு இருக்கில்ல, உள்ள தலமுடியவிட மெல்லிசா செப்புக் கம்பி சுத்தி வச்சிருப்பாங்களே... ஊனாவோடது பழசு, சுத்து தளந்துபோய் ஆம்ப் பெட்டி பக்கத்துல கொண்டு போனாலே தன்னால கத்தும். அதைக் கழட்டி, உருக்கின மெழுகுல முக்கிட்டான் தம்பி! மெழுகு இண்டு இடுக்கெல்லாம் எறங்கி ஒறஞ்சுபோச்சு. இனி அது கத்தாது. திருப்பி எடுத்துக் குடுடான்னா, "கேக்குக்குள்ள போன முட்டைய எடுத்துக் குடுப்பீங்களாம்மா?"ங்கிறான். வீட்டுக்குக் கொண்டு வந்து ஆம்ப்ல சொருகி நானே ஒரு தட்டு தட்டிப் பாத்தேன். "டிங்"ன்னுச்சு. அவ்ளோதான். பேங்க் வாசல்ல அடிக்கிற மணி மாதிரி, மரியாதையா ஒரு டிங்.

என்ன அப்படிப் பாக்குற?

ஆமா... யாரும் சொல்லாம அவனா பண்ணுவானா. கேள்வி நியாயம்தான்.

சரி. நான்தான் கொண்டு போனேன். அடுத்த வாரம் அவ பொறந்தநாள். ஆச்சரியமா இருக்கட்டுமேன்னு, பதினேழாம் நம்பர் பஸ்ல, மடியில கைக்கொழந்த மாதிரி வச்சுக்கிட்டுப் போனேன். பக்கத்துல உக்காந்திருந்த பொம்பள "என்ன கொழந்த?"ன்னு கேக்காததுதான் பாக்கி. லெனார்ட்கிட்ட "பாலம் ஆடுது, கைப்பிடி தொங்குது, கிட்டப் போனா பேய் மாதிரி அலறுது, மூணையும் சரி பண்ணிக் குடு"ன்னேன். அவன் மூக்குக் கண்ணாடியக் கழட்டி வச்சிட்டு, "மகளக் கேட்டீங்களாம்மா? சில பேருக்கு இப்படி இருந்தாத்தான் புடிக்கும்"னான். கேட்டான் தம்பி. பொய் சொல்ல மாட்டேன், ரெண்டு தடவ கேட்டான். "பெத்தவ நான். அவளுக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியாதா?"ன்னு ஒரு அதட்டு போட்டேன். கண்ணாடிய எடுத்து மறுபடி மாட்டிக்கிட்டான் பாவம். நல்ல மனுசன்தான். டீ கூடக் குடுத்தான்.

கைப்பிடியக் கிதாருக்குள்ள சொருகுற முனையில வெள்ள டேப் ஒண்ணு சுத்தியிருந்துச்சு, கொழாய்க்காரங்க சுத்துவாங்களே, அது. அழுக்கா இருக்கேன்னு அதை நானே உரிச்சுப் போட்டேன். லெனார்ட் மேல அந்தப் பழி கெடையாது. உரிச்சுப் போட்டு, கோயில் வெளக்குக்குப் போடுற பாலிஷப் போட்டு மினுமினுன்னு தேச்சு வேற வச்சேன். அப்புறம் டெல்ஃபின் சொல்றா, அந்த டேப்பு இருந்தாத்தான் கைப்பிடி விட்ட எடத்துல நிக்குமாம். இல்லன்னா தொபுக்குன்னு தொங்கிருமாம். ஊனா எத்தன சுத்து சுத்தினாளோ, எத்தன நாள் சுத்திச் சுத்திப் பாத்தாளோ...

இன்னும் ஒண்ணு இருக்கு. இதை நான் சாமியார்கிட்டயே இன்னும் சொல்லல, நீ வெளிய சொல்லிராத. லெனார்ட்கிட்ட தேன்மெழுகு தீந்துபோச்சு. வர்றதுக்குப் பத்து நாளாகும்னான். பத்து நாள் நான் எங்க போறது? கோயில் சாமான் ரூமுக்குச் சாவி வச்சிருக்கிறவ நான். அங்க போன வருஷத்துப் பாஸ்கா திரியோட, ஈஸ்டருக்கு ஏத்துற பெரிய மெழுகுவத்தியோட, அடிக்கட்டை, இத்தாம் பெருசு, சும்மா கெடக்குது. பைக்குள்ள போட்டுக் கொண்டு போய் லெனார்ட்கிட்டக் குடுத்தேன். மந்திரிச்ச மெழுகாச்சே, நல்லதுதானே பண்ணும்! போதாக்கொறைக்கு "இந்த அலறல் அடங்கணும் தாயே"ன்னு சங்கீதக்காரங்க பாதுகாவலி செசிலியம்மாளுக்கு ஒரு வேண்டுதல் வேற. எத்தனையோ வேண்டியிருக்கேன், எங்க வீட்டுக்காரர் மூட்டு வலிக்கு ஒம்பது வருஷம் வேண்டினேன், ஒருத்தர் காதுலயும் விழல. இது மட்டும் ஒரே வாரத்துல பலிச்சிருச்சு. இங்கிலாந்துலயே மந்திரிச்ச ஊமைக் கிதார் இன்னைக்கு எங்க வீட்ல இருக்கு.

சிரி, சிரி. நானும் சிரிச்சிருப்பேன், அடுத்தவ பண்ணியிருந்தா.

நேத்து சாயங்காலம் ஊனாவுக்குப் போன் போட்டேன். சொல்லாம இன்னொண்ண வாங்கி வச்சிரலாமான்னுதான் முதல்ல நெனச்சேன், ஆனா அவ தொட்ட ஒடனே கண்டுபுடிச்சிருவா. எல்லாத்தையும் சொன்னேன். திரியக் கடைசியில சொன்னேன். "திட்டுடி, திட்டித் தொல"ன்னேன். திட்டல. சொல்றா, "நான் சனிக்கிழமை மூணு மணிக்கு எறங்கி நேரா கச்சேரி ஹாலுக்குத்தான் வர முடியும். நீயே போய் ஒண்ணு பாத்து எடும்மா." எனக்கு என்னடி தெரியும்னேன். "பதினாலு வருஷமா கொற சொன்னது யாரு? 'இன்னைக்குக் கொறட்ட மாதிரி இருக்கு, நேத்து பன்னி மாதிரி இருந்துச்சு, செவ்வாக்கெழம பரவால்ல'ன்னு நான் வாசிக்கிற ஒவ்வொரு நாளும் சொல்லுவியே. கூட வாசிக்கிறவங்க கூட அந்தச் சத்தத்த அப்படிக் கேட்டதில்ல. நீ எடுத்தா சரியா இருக்கும்"னு போன வச்சிட்டா.

திட்டியிருந்தா நிம்மதியாத் தூங்கியிருப்பேன் தம்பி. நம்பிட்டாளே!

அதான் காலையிலயே இங்க வந்து நிக்கிறேன். நீ மடியில வச்சிருக்கிற அந்தப் பச்ச... இடுப்பு சரியா சரிஞ்சிருக்கு. பாலம் ஆடுது. கைப்பிடி தொங்குது. பிக்கப்பு பழசுதான்னு கடைக்காரரும் சொன்னார். நீ அதை வாங்கப்போறியா? இல்லையா? அப்பாடா, அந்தோணியாரே. ஆனா பாரு, நீயும் அரைமணி நேரமா வாசிக்கிற, நானும் காதத் தீட்டிக்கிட்டுக் கேக்குறேன், இது அதானான்னு எனக்குத் தெரிய மாட்டேங்குது. கிட்டத்துல கேட்டா எல்லாம் ஒரே எரைச்சலா இருக்கு. என்னடா இதுன்னு யோசிச்சேன். இப்பத்தான் புரியுது.

அவ வாசிச்சு நான் ஒரு நாளும் எதுர உக்காந்து கேட்டதே இல்ல. "ஒரு தடவ வந்துதான் கேளேன்"னு எத்தனையோ தடவ கூப்பிட்டா. எனக்கு அங்க என்னடி வேலன்னுருவேன். அவ மாடியில, நான் கீழ அடுப்படியில. மச்சு வழியா எறங்கி வந்ததத்தான் கேட்டிருக்கேன், உருளக்கெழங்கு உரிச்சுக்கிட்டு, செபமால உருட்டிக்கிட்டு. செபமாலையில அஞ்சு தேவரகசியம், சரியா மூணாவது வரும்போது அவ கைப்பிடிய அமுக்குவா. அலமாரில இருக்கிற கப்பு அத்தனையும் கிண்ணுன்னு அதிரும். எங்க விட்டேன்னு எனக்கு மறந்துபோகும். திட்டிக்கிட்டே முதல்லேருந்து அருள்நிறைந்த மரியே... அவ கிளாஸ்கோவுக்குப் போன மாசம்தான் அஞ்சையும் பிசகாம, ஒரே மூச்சுல சொல்லி முடிச்சேன். ஒண்ணாச்சும் மேல போய்ச் சேந்த மாதிரி இல்ல.

கடைக்காரர் வந்தா என்னைப் பைத்தியம்பார். அதுக்குள்ள... தம்பி, அந்தா மாடிப்படி. மேல டிரம் வச்சிருக்கிற ரூம் காலியாத்தான் இருக்கு, எட்டிப் பாத்துட்டேன். அந்தப் பச்சையத் தூக்கிட்டுக் கொஞ்சம் மேல போய், கதவச் சாத்திட்டு, கைப்பிடிய விடாம ஒரு அஞ்சு நிமிஷம் வாசிக்கிறியா? நான் இங்க கீழயே நிக்கிறேன்.