கூர்வால் குடியிருக்கும் சரிவு

— மண்வெட்டியைக் கீழ போடுங்க ஆர்வில். அது கொத்துற பாம்பு இல்ல.

— வாலைப் பாருங்க லவோன். நுனியில முள்ளு இருக்கு. கொட்டிச்சுன்னா யாரு பதில் சொல்றது?

— கொட்டாது. இதுக்குப் பேரே கூர்வால். ஓடில்லாத நத்தையைப் பிடிக்கறப்போ வழுக்காம இருக்க, அந்த முள்ளை மண்ணுல ஊனிக்குதுன்னு நினைக்கிறேன். கையை நீட்டுங்க.

— அம்மா தாயே, நாப்பது வருஷம் மர லாரி ஓட்டின கை இது. பாம்புக்கெல்லாம் நீளாது... வச்சுட்டீங்களே.

— எப்படி இருக்கு?

— குளுகுளுன்னு. பென்சில் தடிமன்கூட இல்ல. அடிவயித்துல பாருங்க, கறுப்பும் வெள்ளையுமா பட்டை பட்டையா. கல்லுக்கடியில கிடக்கிறதுக்கு எதுக்கு இவ்வளவு அலங்காரம்?

— நான் பாக்கத்தான். பதினோரு வருஷமா இந்தச் சரிவுல ஒவ்வொரு கல்லாப் புரட்டிக் கணக்கெடுக்கறேன். மழை ஈரம் இருக்கறவரைக்கும்தான் மேல வரும். மண்ணு காஞ்சா உள்ள போயிடும்.

— சரி, இதை உங்க தோட்டத்துக்கே கொண்டுபோயிடுங்க. சனிக்கிழமை என் வீட்டை வாங்க ஆளு வருது. அதுக்குள்ள கல்லையெல்லாம் வாரிப் போட்டு இடத்தைச் சுத்தம் பண்ணணும். இந்த ஓரிகன் மழைல எனக்கு மூட்டு வலின்னு மகன், மழையே இல்லாத அரிசோனால ஒரு ரூமே ஒதுக்கி வச்சுட்டான்.

— கொண்டுபோனா பிழைக்காது. இது இருக்கிற இடத்தை விட்டு அதிக தூரம் போகாது. புது இடத்துல எந்தப் பொந்து வழியா உள்ள இறங்கறதுன்னு தெரியாம வெயில்ல காஞ்சு சாகும்.

— இந்தக் கல்லுக்காகவா தினமும் வேலியில வந்து நின்னு என்னோட சண்டை போடறீங்க?

— பின்ன? வேறெதுக்குன்னு நினைச்சீங்க?

— நான் ஒண்ணும் நினைக்கல. அரிசோனால பக்கத்து வீட்டுக்காரங்க யாரும் வாயே திறக்க மாட்டாங்களாம். மகன் பெருமையாச் சொன்னான்.

— நல்லதாப் போச்சு. நிம்மதியா இருங்க.

— விரலைச் சுத்திக்கிட்டு விடமாட்டேங்குதே லவோன்.

— கீழ வைங்க. அந்த ஓக் மர வேர் பக்கமா. பாத்தீங்களா? போயிடுச்சு.

— கல்லை நானே வச்சு மூடறேன். நசுங்காம வைக்கணும்ல?

— ஆமா. மெதுவா. அப்படித்தான்.

— லவோன், எனக்கு ஒரு உதவி பண்ணணும். சனிக்கிழமை அவங்க வர்றப்போ நீங்க வேலியில வந்து நின்னு, இங்க பாம்பு இருக்குன்னு சொல்லுங்க. நல்ல பெரிய பாம்புன்னு சொல்லுங்க.